டேம்பனர்: கையிருப்பில் ஒன்று

ஃபிட்டர் கேட்டது ஒரு பானையைத்தான். தண்ணீர்ப் பானை அளவுக்கு ஓர் இரும்புக் கூடு. அதற்காக ஓர் உயர்நிலைக் குழு அமைப்பார்கள் என்று தெரிந்திருந்தால் அவர் வாயையே திறந்திருக்க மாட்டார்.

அந்தப் பெயின்ட் ஆலையின் இரண்டாம் பம்ப் அறையில் காற்றில் ஓடும் பம்ப் ஒன்று இருந்தது. பெயின்ட் இருக்குமிடத்தில் தீப்பொறி ஆகாது என்பதால் அதற்கு மோட்டார் கிடையாது. அழுத்தக் காற்றுதான் சாப்பாடு. வயிற்றுக்குள் இடமும் வலமுமாக இரண்டு ரப்பர் தட்டுகள். காற்று இடப்பக்கம் புகுந்தால் இடத் தட்டு பெயின்டைத் தள்ளும். வலப்பக்கம் புகுந்தால் வலத் தட்டு தள்ளும். பக்கம் மாறுகிற அந்த ஒரு கணத்தில் தள்ளுவதற்கு ஆளில்லை. ஆகவே பெயின்ட் ஒரே சீராக ஓடாது. விக்கல் எடுத்தவன் தண்ணீர் குடிக்கிற மாதிரி விட்டுவிட்டுப் போகும். நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு விக்கல். விக்கலுக்கு ஒருமுறை வெளிக்குழாய் துள்ளும். துள்ளித் துள்ளி, போன மாதம் குழாயின் முழங்கை மூட்டு விண்டு, அறை முழுக்க நீலப் பெயின்ட்.

இதற்கு வைத்தியம் ஃபிட்டருக்குத் தெரியும். பம்பின் வாயருகே டேம்பனர் என்ற அந்தக் கூட்டை மாட்ட வேண்டும். கூட்டுக்குள் ஒரு ரப்பர் திரை. திரைக்கு மேலே காற்று, கீழே பெயின்ட். பம்ப் தள்ளும்போது காற்று சுருங்கி இடம் கொடுக்கும்; பம்ப் மூச்சு விடும்போது காற்று விரிந்து பெயின்டைத் தள்ளிக் கொடுக்கும். விக்கல் நின்றுவிடும். அரை நாள் வேலை.

"டேம்பனர் ஒன்று தேவை" என்று ஒரு வரி எழுதி மேலாளரிடம் கொடுத்தார்.

மேலாளர் அந்த ஒரு வரியை இரண்டு முறை படித்தார். "என்ன ஃபிட்டர், இவ்ளோ பெரிய விஷயத்த ஒரே வரியில எழுதியிருக்கீங்க?"

"சின்ன விஷயம்தான் சார்."

"சின்னதா பெரிசான்னு நீங்க எப்படி முடிவு பண்ணலாம்? அதுக்குத்தானே குழு."

'அதிர்வுக் குறைப்பு உயர்நிலைக் குழு' பிறந்தது. மேலாளரே தலைவர். அவரையும் சேர்த்து ஒன்பது உறுப்பினர்கள். பெயர்ப்பலகையும் தேநீர்க் கோப்பைகளும் வந்து சேரவே மூன்று வாரம் ஆயிற்று. நான்காவது வாரம் குழு பம்ப் அறையைப் பார்வையிட வந்தது.

அறை வாசலிலேயே பாதுகாப்பு விதி பதினேழு எழுதியிருந்தது: 'அதிகாரிகள் உள்ளே இருக்கும்போது இயந்திரங்கள் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.' நேர்த்தியான எழுத்து. எழுதியவன் ஃபிட்டரின் தங்கை கணவன். ஆலையில் எல்லோருக்கும் அவன் 'பிரஷ்'. ஃபிட்டருக்கு மட்டும் மாப்பிள்ளை. பீப்பாய்களிலும் தொட்டிகளிலும் சுவர்களிலும் பெயரெழுதுவது அவன் வேலை. அளவுகோல் வைக்காமல், உருண்டைப் பீப்பாயின் மேல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மூச்சில் நேர்க்கோடு இழுப்பான். வெளியாட்கள் வந்தால் அவன் எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள், ஒட்டினதோ என்று.

பம்ப் நிறுத்தப்பட்டது. குழு உள்ளே நுழைந்தது. ஒன்பது பேரும் குழாயை உற்றுப் பார்த்தார்கள். குழாய் சும்மா கிடந்தது.

"எங்க ஃபிட்டர் ஆடுது?"

"ஓடும்போதுதான் சார் ஆடும்."

"ஓடும்போது நாங்க உள்ள வரக்கூடாது. விதி."

"வாசல்ல நின்னு பாருங்க சார்."

"வாசல்ல நின்னா அது பார்வையிடல் ஆகாது. எட்டிப் பார்க்கிறதுன்னு ஆயிடும்." மேலாளர் அழுத்தமானியை நெருங்கிக் கண்ணாடியைத் தட்டினார். முள் பூஜ்யத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. "பாருங்க, முள்ளு இம்மியும் அசையல. நான் பதினெட்டு வருஷமா இங்க இருக்கேன். எத்தனையோ தடவை இந்த ரூமுக்கு வந்திருக்கேன். ஒரு நாள்கூட இந்த பம்ப் ஆடி நான் பார்த்ததில்ல."

உறுப்பினர்கள் எட்டுப் பேரும் தாங்களும் பார்த்ததில்லை என்றார்கள். அது உண்மைதான்.

"ஆனா மூட்டு உடைஞ்சுதே சார்?"

மேலாளர் யோசித்தார். நியாயமான மனிதர். "சரி, அதிர்வு இல்லைன்னு நாங்க அறிக்கை கொடுக்கிற வரைக்கும், எதுக்கும் இருக்கட்டும், ஓர் ஆளை விட்டுக் குழாயைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. மூணு நாள். நம்ம ஆலையில ரொம்ப நிதானமான கை யாருது?"

இந்தக் கேள்விக்கு ஃபிட்டர் யோசிக்கவே இல்லை. பெருமை முந்திக்கொண்டது.

"எங்க மாப்பிள்ளையோடதுதான் சார்."

அந்தப் பதிலை அப்புறம் எத்தனையோ தடவை வாய்க்குள்ளேயே திருப்பி விழுங்கப் பார்த்தார். முடியவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, துணி சுற்றிய குழாயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். பம்ப் தட்டத் தொடங்கியது.

"எப்படி இருக்கு மாப்ள?"

"உங்க தங்கச்சி கோபத்துல கையப் பிடிச்சு உலுக்குவாளே, அதுல பாதிகூட இல்ல மச்சான். மூணு நாள்தானே."

மூன்று நாள் போயிற்று. அறிக்கை வரவில்லை, குழுவில் இருவருக்கு எழுத்துப் பிழை பற்றிக் கருத்து வேறுபாடு. மூன்று வாரம் போயிற்று. மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது. 'அதிர்வு காணப்படவில்லை.' கூடவே தங்க நிற விளிம்பு போட்ட சான்றிதழ் ஒன்று.

ஃபிட்டர் ஓட்டமும் நடையுமாக மேலாளரிடம் போனார். "சார், அறிக்கை வந்திருச்சு. மாப்பிள்ளைய விட்டுடலாமா?"

"எப்படி விடுறது? சான்றிதழ் இப்ப இருக்கிற ஏற்பாட்டுக்குத்தானே. ஏற்பாட்டை மாத்தினா சான்றிதழ் செல்லாதே."

"அப்ப டேம்பனராவது வாங்கிக் கொடுங்க சார்."

"ஸ்டோர்ஸ்ல கேளுங்க."

ஸ்டோர்ஸ் அதிகாரி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பேரேட்டைப் புரட்டினார். விரலை ஒரு வரியில் நிறுத்தினார். "டேம்பனர் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. உபயோகத்துல இருக்கு, இரண்டாம் பம்ப் ரூம்."

"அங்க டேம்பனர் இல்ல சார். எங்க மாப்பிள்ளைதான் உட்கார்ந்திருக்கார்."

"அதேதான். ஓர் ஆளைக் குழாய்க்கு ஒதுக்கியிருக்குன்னு உத்தரவு வந்துது. எந்தத் தலைப்புல எழுதுறது? 'குழாய் பிடிப்பவர்'னு என்கிட்ட தலைப்பு இல்ல. வேலை என்ன, அதிர்வைத் தாங்குறது. அந்த வேலைக்கு எங்க பட்டியல்ல என்ன பேரு? டேம்பனர். எழுதிட்டேன்." அவர் குரலில் குற்றமற்ற திருப்தி. "ஒரு லைனுக்கு ஒரு டேம்பனர்தான் அனுமதி. இருக்கிறது பழுதானா மட்டும் அடுத்தது கேட்கலாம். பழுதா?"

தங்கை புருஷனைப் பழுது என்று எந்த வாயால் சொல்வது?

"இல்ல சார்" என்றார்.

அது அவர் செய்த இரண்டாவது தவறு.

அடுத்த வாரம் ஸ்டோர்ஸ் அதிகாரி ஆய்வுப் பட்டியலோடு பம்ப் அறைக்கு வந்தார். அவர் வந்ததால் பம்ப் நின்றது. மாப்பிள்ளையின் சட்டைப் பையில் 'டே-1' என்று பொறித்த தகர வில்லை ஒன்றைக் குத்திவிட்டு, பட்டியலைப் படித்தார்.

"விரிசல் இருக்கா?"

"எனக்கா சார்?" என்றான் மாப்பிள்ளை.

"துரு?"

"குளிச்சிட்டுத்தான் சார் வரேன்."

"கசிவு?"

"சளி பிடிச்சா மட்டும்."

அதிகாரி சிரிக்கவில்லை. மூன்றுக்கும் 'இல்லை' என்று குறித்துக்கொண்டார். கடைசிக் கட்டத்தில் 'பொருள் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி, மாப்பிள்ளையிடமே கையெழுத்து வாங்கினார். பேனாவை வாங்கின கை லேசாக ஆடியதை ஃபிட்டர் பார்த்தார். பம்ப் நின்றுதான் இருந்தது.

"என்ன மாப்ள, கை?"

"ஒண்ணுமில்ல மச்சான். பழக்கத்துல ஆடுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர் தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை வெளியே கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் நெஞ்சுயரம்கூட இல்லாத தங்கை எதிரே நின்று அவனுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், சலூனில் சவரத்துக்குக் கழுத்தைக் கொடுத்தவன் மாதிரி. ஃபிட்டரைக் கண்டதும் இருவரும் ஏதோ விளையாட்டில் பிடிபட்டவர்கள்போல் சிரித்தார்கள். தேநீர் வந்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் அரை டம்ளர்.

அவன் போன பிறகு தங்கை சொன்னாள். "முழு டம்ளர் கொடுத்தா சட்டையில ஊத்திக்கிறார். விரல் நுனி வெள்ள வெளேர்னு போயிடுது அண்ணா, ரத்தமே இல்லாத மாதிரி. சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்தா அழுறார். அவர் அழுது நான் பார்த்ததே இல்ல."

"நான் பேசுறேன்மா."

"யார் கை நிதானம்னு கேட்டாங்களாம். நீதானே கையக் காட்டின?"

ஃபிட்டர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தங்கை உடனே, "நீ டீயக் குடி, ஆறிடும்" என்றாள்.

ஆலை டாக்டரிடம் மாப்பிள்ளையை ஃபிட்டரே கூட்டிப் போனார். டாக்டர் அன்பானவர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலை அமுக்கினார். "இது அதிர்வால வர்றது. சந்தேகமே இல்ல" என்றார்.

ஃபிட்டருக்கு உயிர் வந்தது. "அத அப்படியே எழுதிக் கொடுங்க டாக்டர்."

டாக்டர் எழுதப் போனவர், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த தங்க விளிம்புச் சான்றிதழை நிமிர்ந்து பார்த்தார். பேனா நின்றது. "ஆனா நம்ம ஆலையில அதிர்வு இல்லையேப்பா. ஒன்பது பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க. அப்ப வீட்டுலதான் எங்கயோ அதிர்வு. வீட்டுல மெஷின் ஏதாவது ஓடுதா?"

"வீட்டுல அவ ஒரு தையல் மெஷின் வெச்சிருக்கா" என்றான் மாப்பிள்ளை, பொய் சொல்லத் தெரியாமல்.

டாக்டர் நிம்மதியாக எழுதினார்: 'காரணம் - தையல் மெஷின்.'

மாப்பிள்ளை அந்தச் சீட்டை வீட்டில் காட்டியிருக்க வேண்டாம். காட்டினான். தங்கை மெஷினுக்கு ஒரு பழைய போர்வையைப் போர்த்தி மூலையில் தள்ளினாள். இரண்டு மாதம் அதைத் தொடவில்லை. புருஷனின் கையைத் தன் தையலே கெடுத்துவிட்டதாக அவள் உண்மையிலேயே நம்பினாள். விஷயம் தெரிந்து ஃபிட்டர் ஓடிப்போய்ப் போர்வையை உருவி எறிந்தார். ஆத்திரத்தில்.

இனி யாரிடமும் கேட்பதில்லை என்று அன்றுதான் முடிவு செய்தார்.

கழிவுக் குவியலில் தொடை கனத்தில், முழ நீளத்தில் ஒரு குழாய்த் துண்டு கிடந்தது. மேல்முனையில் மூடி போட்டு இறுக்கினார். தண்ணீர் ஏற்றி, பம்ப் கொடுக்கிற அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு கொடுத்துச் சோதித்தார், சொட்டுக் கசிவில்லை. சாப்பாட்டு நேரத்தில், பம்பின் வாயருகே ஒரு கிளை வைத்து அதை நட்டமாக நிறுத்தினார். உள்ளே அடைபட்ட காற்றுதான் மருந்து. திரை கிடையாது, காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் பெயின்டோடு போய்விடும். தினம் காலையில் வடித்துவிட்டுப் புதுக் காற்று பிடிக்க வேண்டும். பிடித்தால் போயிற்று.

பம்பைத் திறந்தார். தட்டு, தட்டு என்று பம்ப் தன் பாட்டுக்கு அடித்தது. குழாய் லேசாக முனகியதோடு சரி. துள்ளவில்லை.

"விடு மாப்ள."

மாப்பிள்ளை விடவில்லை. விடத் தெரியவில்லை. ஃபிட்டர் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். அவன் குழாயைப் பிடித்து அன்றைக்குப் பதினோரு மாதமும் நான்கு நாளும்.

அவன் கைகளை மடியில் போட்டுக்கொண்டு குழாயைப் பார்த்தான். "ஒரு மொழக் குழாய்தானா மச்சான்?" என்று கேட்டான்.

விஷயம் மூன்றே நாளில் வெளிப்பட்டது. டப்பா நிரப்பும் பிரிவிலிருந்து புகார் போயிற்று: எல்லா டப்பாக்களும் ஒரே அளவில் நிரம்புகின்றன, கூடுதல் குறைவு எழுதும் கட்டம் காலியாக இருக்கிறது, ஏதோ கோளாறு. குழு அவசரமாகக் கூடியது. ஃபிட்டரை நிற்க வைத்து விசாரித்தார்கள்.

"யாரைக் கேட்டு மாட்டினீங்க?" என்றார் மேலாளர்.

"கேட்டுக்கேட்டுப் பார்த்துட்டுத்தான் சார் மாட்டினேன்."

"இல்லாத அதிர்வை நீங்க குறைச்சிருக்கீங்க. இது எவ்வளவு பெரிய தப்புன்னு தெரியுதா? நாளைக்கு ஒருத்தன் வந்து, 'முன்னால இருந்ததாலதானே குறைச்சீங்க'ன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்? இந்தச் சான்றிதழோட நிலைமை என்ன? அதைப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? உங்களுக்கு மனுஷங்கமேல அக்கறை இருக்கிற அளவு காகிதத்து மேல இல்ல."

குழு மேசையைத் தட்டி ஆமோதித்தது.

ஸ்டோர்ஸ் அதிகாரிக்கு வேறு கவலை. ஒரே லைனில் இரண்டு டேம்பனர் இருக்கக் கூடாது. ஒன்றைக் கழித்தாக வேண்டும். எது நல்ல நிலையில் இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரும்புத் துண்டு அசையாமல் நின்றது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் கைகள் ஆடிக்கொண்டிருந்தன. கழிவுப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் எழுதினார்: 'பொருள் தானாகவே அதிர்கிறது. மேற்கொண்டு பயன்படாது.' தகர வில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

ஃபிட்டர் அந்தப் படிவத்தின் நகலைப் பொக்கிஷம் மாதிரி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். "பாருங்க டாக்டர், ஆலையே எழுதிக் கொடுத்திருக்கு, கை அதிருதுன்னு."

டாக்டர் வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார். "இது பொருளுக்கான படிவம்ப்பா. ஆளுக்கானது இல்ல."

மாப்பிள்ளை பழைய வேலைக்குத் திரும்பினான். முதல் வாரம் தொட்டிகளைக் கழுவினான். இரண்டாம் வாரம் தூரிகைகளைக் கழுவினான். எழுதுகிற வேலை வந்தால், காயட்டும், ஈரம் இருக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டான். போகப் போகச் சரியாயிடும் மாப்ள என்று ஃபிட்டர் தினம் சொன்னார். ஆகும் மச்சான் என்று அவனும் தினம் சொன்னான். பொத்தானை இன்னமும் தங்கைதான் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து அந்தச் செய்தி வந்தது. அதிர்வே இல்லாத ஆலை என்ற விருது, தங்க விளிம்புச் சான்றிதழைப் பார்த்துக் கொடுத்தார்களாம். மேலாளர் எல்லோரையும் முற்றத்தில் கூட்டிப் பேசினார்.

"இந்த விருது எனக்கு மட்டும் கிடைச்சது இல்ல. குழுவுக்கும் கிடைச்சது. இல்லாத ஒண்ணை இல்லைன்னு நிரூபிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். இதுல கீழ்மட்டத் தொழிலாளர்களும் கைகொடுத்திருக்காங்க." இதற்குக் கைதட்டல். "நம்ம வாசல்ல ஒரு பெரிய போர்டு வைக்கணும். வெளியில கொடுக்க வேணாம். நம்ம பிரஷ்தான் எழுதணும். அவர் எழுத்து மாதிரி வருமா?"

பத்தடி நீளப் பலகை வந்தது. வெள்ளைப் பூச்சு. எழுத வேண்டியது இரண்டே சொல்: 'அதிர்வற்ற ஆலை.'

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் ஃபிட்டர் பட்டறைக்குப் போனார். மாப்பிள்ளை பலகையின் முன்னால் மண்டியிட்டிருந்தான். கிட்டத்தட்ட முடித்திருந்தான். கடைசி எழுத்து மட்டும் பாக்கி.

ஃபிட்டர் பலகையைப் பார்த்தார். 'அ'வின் வளைவு முழுக்கச் சின்னச் சின்ன அலை. 'தி'யின் கொக்கி அலை. மேலும் கீழும் இழுத்த ஒவ்வொரு கோடும் அலை. தாறுமாறாக இல்லை, பல்சக்கரத்தின் பல் மாதிரி ஒரே சீரான அலை. ஃபிட்டருக்கு அதை எண்ண வேண்டியிருக்கவில்லை. பதினோரு மாதமாகக் காதில் விழுந்த பம்பின் கணக்குதான்.

"கோடு நேரா வரல மச்சான்" என்றான் மாப்பிள்ளை. முதுகைக் காட்டியபடியே சொன்னான். "மூணு தடவை அழிச்சிட்டேன். அடுத்த தடவை வரும், அடுத்த தடவை வரும்னு பார்க்கிறேன். என் கை மாதிரியே இல்ல."

ஃபிட்டர் பக்கத்தில் போய் மண்டியிட்டார். தூரிகை பிடித்த அந்த மணிக்கட்டைத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். குழாயை அவன் பிடித்த மாதிரியே. உள்ளங்கையில் அடி விழுந்தது. தட்டு, தட்டு. அரை நொடி மூச்சு. தட்டு. பம்ப் அடுத்த கட்டடத்தில், சாப்பாட்டு நேரத்துக்காக நின்றிருந்தது.

"இப்ப எழுது மாப்ள."

பிடி தளராமல் ஃபிட்டர் கூடவே நகர்ந்தார். 'லை' மெல்ல மெல்ல வந்தது. வளைவு வளைவாக, கோடு கோடாக, அச்சில் வார்த்த மாதிரி. பழைய எழுத்து. எழுதி முடித்ததும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஈர எழுத்தின் ஓரமாக விரலை, படாமல், ஒருமுறை ஓட்டிப் பார்த்தான்.

சாயங்காலம் மேலாளர் குழுவோடு பலகையைப் பார்வையிட வந்தார். இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, நெடுநேரம் பார்த்தார். ஃபிட்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போதாவது கண்ணில் படும். இந்த அலையைப் பார்த்த பிறகுமா ஒரு மனுஷனுக்குப் புரியாது?

"பிரமாதம்!" என்றார் மேலாளர். "என்ன ஸ்டைல்! தண்ணில மிதக்கிற மாதிரி இருக்கு. பழைய கட்டையெழுத்தெல்லாம் போரடிச்சுப் போச்சு. இனிமே நம்ம ஆலையில எல்லா போர்டும் இப்படியே எழுதிடலாம், என்ன?"

எட்டுப் பேரும் நல்ல யோசனை என்றார்கள்.

போகத் திரும்பியவர் நின்றார். பலகையின் கோடிக்குப் போய்க் குனிந்தார். புருவம் சுருங்கியது.

"இந்தக் கடைசி எழுத்து மட்டும் என்ன, ஒட்டாம நிக்குது? விறைப்பா இருக்கே. தப்பா போயிருக்கு பாருங்க. காலைக்குள்ள மாத்தி எழுதிடுங்க."

அவர்கள் போய்விட்டார்கள். ஃபிட்டர் துணியை எடுத்து 'லை'யைத் துடைத்தார். ஈரம் முழுக்கக் காயவில்லை; சுலபமாகவே போயிற்று. தூரிகையை நனைத்து மாப்பிள்ளையிடம் நீட்டிவிட்டு, மத்தியானம் போலவே அவன் மணிக்கட்டைப் பிடிக்கப் போனார்.

"வேணாம் மச்சான்" என்றான் அவன். "விடுங்க."

ஃபிட்டர் விட்டார். எழுத்து மற்ற எழுத்துகளோடு ஒத்துப் போயிற்று.